நாற்பதாவது ஆள்

— இன்னும் ஏழே வருஷம், ருக்ஸார். மறதிநோயை உலகத்துலேர்ந்தே ஒழிச்சிடுவோம். அந்த ஆராய்ச்சி ஸ்ரீரங்கத்துல ஆரம்பிச்சதுன்னு சரித்திரத்துல எழுதுவாங்க.

— எழுதட்டும் தேசிக் சார். உறையூர் அம்மாவோட ஃபாரத்தை ஏன் கிழிச்சீங்க?

— பின்னே? புருஷனுக்குத் தேதி தெரியல. "அவரு காலண்டரே பார்க்க மாட்டாருங்க"ன்னு அந்தம்மா வக்கீலாட்டம் வாதாடறாங்க. சாவியைக் காட்டினா பேனாங்கறார். "கண்ணாடி மாத்தணுங்க"ங்கறாங்க. இந்த ஆராய்ச்சிக்குப் பிடிச்ச வியாதியே வீட்டுக்காரங்க பொய்தான்.

— பயந்துட்டாங்க சார், பாவம்.

— பயத்துக்கு ஃபாரத்துல கட்டம் இல்லை. வாங்கோப்பா, இப்படி உக்காருங்கோ. ருக்ஸார், இவர்தான் எங்கப்பா, வரதராஜன். நம்ம நாற்பதாவது ஆள். ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கான வியாதி இல்லாதவங்க பட்டியல்ல எழுதிக்கோங்க.

— கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியேவா?

— தபாலாபீஸ்ல முப்பத்தாறு வருஷம். கற்பூர புத்தி. கேளுங்க.

— ஐயா, நம்ம ஊர் பின்கோடு சொல்லுங்க.

— ஆறு ரெண்டு பூஜ்யம், பூஜ்யம் பூஜ்யம் ஆறு. திருவானைக்காவுக்குக் கடைசில அஞ்சு. இன்னும் எந்த ஊர் வேணும், கேளும்மா.

— மாஷா அல்லாஹ்! இன்னிக்கு என்ன தேதிங்கய்யா?

— ஏகாதசி. அதான் காலம்பறலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல.

— சார், ஏகாதசி வந்து...

— முந்தாநாள். இப்பதான் ரெண்டு தரம் ரசஞ்சாதம் சாப்ட்டார். பூஜ்யம் போடுங்க.

— உங்க அத்தா சார்...

— அப்பான்னா சலுகை கிடையாது. அடுத்தது.

— ஐயா, நூத்துலேர்ந்து ஏழு போனா?

— தொண்ணூத்திமூணு.

— அதுலேர்ந்து ஏழு?

— எதுலேர்ந்து?

— தொண்ணூத்திமூணுலேர்ந்துங்கய்யா.

— அதை யாரு சொன்னா?

— சார்... 

— பூஜ்யம். எழுதுங்க. என் மூஞ்சியை ஏன் பார்க்கறீங்க?

— இன்னொரு நாள் வெச்சுக்கலாமே சார்.

— ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. கேட்டு முடிங்க.

— ஐயா, உங்க பக்கத்துல உக்காந்திருக்காரே, இவர் யாருங்க?

— இவனா? நன்னாக் கேட்டே போ! என் தம்பியாச்சே, சீமாச்சு. ஏண்டா, ஜீயபுரத்துலேர்ந்து எப்போ வந்தே? மழையில நனைஞ்சியா?

— தேசிக் சார்... நான் என்ன எழுதட்டும்?

— சித்தப்பாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கேன்னு எல்லாரும் சொல்வாங்க, ருக்ஸார். சரின்னு போட்டுடுங்க.