அம்மா பேசியதெல்லாம்

அட்டனில் ரயில் ஏறி நான் உட்கார்ந்ததும், எதிர் இருக்கையில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "டபிள்யூ போட்டேன்டி, அம்மா பேசுனதெல்லாம் போயிருச்சு."

இருவர் மடியிலும் கம்ப்யூட்டர் வகுப்புப் பை இருந்தது.

"என்னடி சொல்ற?"

"அம்மா குவைத்துலருந்து போன்ல சொல்றத எல்லாம் ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருந்தேன்ல? நேத்து பைத்தான் புரோகிராம்ல அதத் தொறக்கிறப்ப டபிள்யூ போட்டுட்டேன். பழசெல்லாம் அழிஞ்சு வெறும் ஃபைலா கெடக்கு."

"நம்ம கம்ப்யூட்டர் சேர் படிச்சுப் படிச்சு சொன்னாரே. வாசிக்க ஆர், பழசோட சேத்து எழுத ஏ, டபிள்யூ போட்டா முன்ன இருந்தது போயிரும்னு."

"தெரியும்டி. அம்மா பேசுன சந்தோசத்துல அவசரப்பட்டுட்டேன்."

றொசல்லையில் ரயில் எதற்கோ காத்து நின்றது.

"சரி விடு. இன்னிக்கும் பேசுவாங்கள்ல, மறுபடி கேட்டு எழுதிக்க. இந்தத் தடவ ஏ போடு."

"தீவாளிக்கு வந்துருவேன்னு சொன்னதும் அதுலதான் இருந்துச்சு."

"அதையும் கேளு."

"மாட்டேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கேட்டா, இந்த வருசமும் இல்லன்னு சொல்லிருவாங்க."