கேட்கலாமா என்று கேட்காதே

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அப்புசாமி ஐயா அவர்களே, அறிவால் இந்த அரங்கை அலங்கரிக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெருமை பொங்க முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கைபேசியைக் கீழே வைக்க மனமில்லாத கண்மணிகளே, ஹபீபுன்னிசாவின் ஸலாமும் வணக்கமும்.

என் பேரன் ரைஹான், எங்கள் குடும்பத்தின் முதல் மருத்துவன். பேத்தி நிதா, மாநிலக் கேரம் கோப்பையை வென்றவள். சின்னவள் ரம்ஷா, உங்கள் கல்லூரி மாணவி, ஊர் உலகமெல்லாம் இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருளையே திருத்தியவள். கைதட்டலைக் கொஞ்சம் சேர்த்து வையுங்கள், கதை இனிமேல்தான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்து பெரிதாக இருந்தால்தான் படிப்பேன். கைபேசியில் புத்தகம் படிக்கும் அந்த மென்பொருளில் எழுத்தைப் பெரிதாக்கினால், தமிழுக்குத் தலை வெட்டுப்படும். புள்ளியெல்லாம் காணாமல் போகும். பல நாட்டார் கூடிக் கட்டிய மென்பொருள் அது. யாரும் திருத்தலாம். அவர்கள் கூடிப் பேச இணையத்தில் ஓர் அரட்டை அறை உண்டு. இங்கே எழுதினால் அந்த நொடியே அங்கே தெரியும்.

பிழையைப் பாதி பிடித்துவிட்ட ரம்ஷா, மீதிக்கு அந்த அறையில் உதவி கேட்டாள். ஒரு நாள் காத்திருந்தாள். மூன்று நாள் காத்திருந்தாள். பதிலே இல்லை. நன்னி, அதாவது பாட்டி, என்னிடம் வந்து புலம்பினாள்.

“அவிங்கெல்லாம் பெரிய ஆளுங்க நன்னி. நம்மள மதிக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் மன்றத்துல இருந்தே பேர எடுத்துக்கறேன்.”

“என்னன்னு கேட்டே கண்ணு?”

“ஒரு சந்தேகம் கேக்கலாமுங்களான்னு கேட்டேன்.”

“அப்புறம்?”

“கேளுன்னு சொல்லட்டும்னு இருக்கறேன்.”

காந்திபுரத்துத் துணிக்கடையில் முப்பது வருடம் நின்றவள் நான்.

“நோன்புப் பெருநாள் கூட்டத்துல வாசல்ல நின்னு, ‘ஏனுங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா’ன்னா எவன் திரும்புவான்? ‘லைனிங் துணி ரெண்டு மீட்டர்’னு சொல்லிப்பாரு, நாலு பேரு திரும்புவாங்க. மொதல்ல கேள்விய போடு கண்ணு.”

போட்டாள். என்ன செய்தாள், எங்கே சிக்கினாள், எல்லாவற்றையும் எழுதினாள். நான்காம் நிமிடம் பிரேசிலிலிருந்து பதில் வந்தது.

யார் மகள் என்று கேட்டார்களா? எந்த ஊர் என்று கேட்டார்களா? எத்தனை மதிப்பெண் என்று கேட்டார்களா? என்ன செய்து பார்த்தாய் என்று மட்டுமே கேட்டார்கள். ஐந்தாம் நாள் அவள் திருத்தம் மென்பொருளில் ஏறியது. என் தமிழுக்குத் தலை முளைத்தது. தலைமேல் புள்ளி பூத்தது.

என்ன தம்பி, பின்வரிசையில்? நன்னிக்கு இங்கிலீஷ் தெரியுமா என்றா? தெரியாது. அதனால்தான் தமிழ் சரியாகத் தெரிய வேண்டும் என்றேன்.

கம்ப்யூட்டர் மன்றத்திலிருந்து இன்று அந்த அரட்டை அறைக்குள் நுழையப்போகும் நாற்பது பிள்ளைகளே, தயங்காதீர்கள், தலைகுனியாதீர்கள், கதவருகே நிற்காதீர்கள். கேள்வியோடு போங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. ரம்ஷா, அந்த அறையில் உன் பேருக்குப் பக்கத்தில் இன்னும் பூனைப் படம் இருக்கிறது. பூனையா திருத்தியது? மேடைக்கு வா கண்ணு, இந்த நாற்பது பேரோடும் நின்று புதுப் படம் எடுத்துப் போடு. போடலாமுங்களா என்று மட்டும் அங்கே கேட்டுக்கொண்டிருக்காதே.