சிவப்புத் தண்டைக் கட்டிய கயிறு பற்றி

நான் இறந்துபோனவரின் மனைவி. வயது முப்பத்தொன்பது. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெருவில் கடைசி வீட்டில் மகளோடு குடியிருக்கிறேன். சலவைக் கூடத்தில் மூட்டை கட்டும் வேலை. மரம் நொறுக்கும் மெஷினில் என் வீட்டுக்காரர் இறந்தது பற்றி ஒன்பது நாள் முன்பு இதே நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். அதில் இரண்டு பொய் இருக்கிறது. அதைச் சொல்ல இன்று நானாகவே வந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாமனார் விட்டுப்போன மனை ஒன்று கொடி மண்டிக் கிடந்தது. போன மாதக் காற்றில் அதில் ஏழு மரம் விழுந்தது. மாத முடிவுக்குள் சுத்தம் செய்யச் சொல்லி நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அதன் பின் நானும் அவரும் மெஷின் வாடகைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று மெஷின் காட்டினார். சின்னது விரல் தடிமன் குச்சிக்கு. நடுவானது மணிக்கட்டு தடிமனுக்கு, கிளையை நாமே தள்ளிவிட வேண்டும். பெரியது தொடை தடிமன் கட்டையைக்கூட இரண்டு உருளையால் தானாக இழுத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் மரங்களை நூலால் சுற்றி அளந்து கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இருக்கிறதிலேயே பெரிய மரத்துக்காக மெஷின் எடுக்காதீங்க. அதை ரம்பத்தால அறுத்து விறகாக்கிடுங்க. மிச்சமெல்லாம் கிளைதானே, நடுவானதே போதும்" என்றார். இவரும் சரி என்றார்.

நான்தான் விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு இந்தப் பொம்மையையா இழுத்துட்டுப் போறது? இதுல நீங்க தள்ளி முடிக்கிறதுக்குள்ள நம்ம பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றேன். கடைக்காரர் சிரித்தார். இவர், "மேலிடத்து உத்தரவு வந்தாச்சு, பெரிசையே குடுங்க" என்றார்.

பெரிய மெஷினின் வாயைச் சுற்றி ஒரு சிவப்புத் தண்டு இருக்கிறது. உடம்பு இடித்தாலே அது உள்ளே போய் உருளை நின்றுவிடும். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஆளுக்கு ஐந்து தடவை இடுப்பால் இடிக்கச் சொன்னார். நானும் இடித்தேன், ஐந்து தடவையும் நின்றது. கொடியைத் துண்டு போட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்றும் சொன்னார். அவர் எதுவும் சொல்லித்தரவில்லை என்று நான் சொன்னது முதல் பொய்.

முதல் நாள் வேலை நன்றாக நடந்தது. இரண்டாம் நாள் இலையோடு கூடிய கிளைகள் வந்தன. உள்ளே போகும்போது அவை தண்டில் இடித்து உருளை நின்றது. இவர் திரும்பத் திரும்பத் தண்டை இழுத்துவிட்டு ஓட்டினார். பதினொரு மணி வாக்கில் தண்ணீர் குடிக்கப் போனார். கிளைகளை இழுக்க நான் சலவைக் கூடத்து நீலக் கயிறு வைத்திருந்தேன். அதில் ஒரு முழம் அறுத்து, தண்டு அசையாதபடி சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். நாங்கள் மூட்டைக்குப் போடும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும், அறுத்தால்தான் உண்டு. தண்டு கடையிலிருந்தே கட்டி வந்தது என்று நான் சொன்னது இரண்டாவது பொய்.

அதன் பின் அவர் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு வந்தார். "கட்டிட்டேன், இனிமே நிக்காது" என்று கத்திச் சொன்னேன். தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று எனக்குத் தெரியாது.

அரை மணி நேரம் மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதன் பின் ஒரு கிளையோடு வந்த நீளக் கொடி அவர் கையுறையைச் சுற்றிக்கொண்டு அவரை உள்ளே இழுத்தது. அவர் தண்டை இடுப்பால் இடித்தார். பிறகு நெஞ்சால் இடித்தார். மூன்றாவது தடவையும் இடித்தார், கடையில் சொல்லித்தந்த மாதிரியே. கட்டியது தெரிந்திருந்தால் தண்டை இடித்திருக்க மாட்டார், என்னைக் கூப்பிட்டிருப்பார். நான் மெஷினின் அந்தப் பக்கம் சுற்றி ஓடிச் சாவியைத் திருப்பினேன். அந்த மெஷின் உடனே ஓயாது, சத்தம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். அது இறங்கி முடியும்வரை சாவியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அன்று என் தம்பி வந்து, "கயிறைப் பத்திக் கேட்டா கடையிலேருந்தே அப்படித்தான் வந்துச்சுன்னு சொல்லுக்கா. மாமா போயிட்டாரு. நீயும் உள்ளே போனா பாப்பாவை யாரு பாக்கிறது?" என்றான். அவன் பாசத்தில் சொன்னான். வாய் திறந்து சொன்னது நான். மறுநாள் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆறாம் நாள் கடைக்காரரின் மனைவி வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலில் நின்றபடியே, "அவர் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரா இல்லையாக்கா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். ஞாபகம் இல்லை என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போனாள், ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதன் பின் வேலைக்குப் போனேன். துணி சுற்றும் தொட்டி நிற்கப்போகும் நேரத்தில் அதன் சத்தம் இறங்கும். அப்போதெல்லாம் யாரோ பின்னால் மூன்று தடவை இடிக்கிற மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் சுவர்தான். கட்டிய மூட்டையை எல்லாம் நானே அறுத்துப் போடுகிறேன் என்று மேஸ்திரி என்னை மடிக்கிற பக்கம் மாற்றிவிட்டார். மனையில் மெஷின் நொறுக்கித் தள்ளிய மரச் சில்லுக் குவியல் இன்னும் அப்படியே இருக்கிறது. வெயில் ஏறினால் பச்சை மர வாசம் அடுக்களை வரை வருகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் வருகிறது.

இன்று காலையில் மகளைத் தம்பி வீட்டில் விட்டேன். பள்ளிக்கூடப் பையோடு மாற்றுத் துணியும் வைத்தேன். "எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டாள். கேட்டுட்டு வந்து சொல்றேன் என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதன் பேரில் மேஜைமேல் இருந்த சணலில் அதே முடிச்சைப் போட்டுக் காட்டினேன். மெஷினில் இருந்த முடிச்சைப் போலீஸ் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தார். கடைக்காரரை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் "விளைவு தெரியாமல் கட்டிவிட்டேன்" என்று அவராக எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். "உனக்கு நல்லதுன்னுதாம்மா போட்டேன், யோசிச்சுக்கோ" என்றார். ஐந்து தடவை இடித்துப் பார்த்தவள் நான், தெரியாது என்று எப்படிச் சொல்வேன் என்றேன். அடித்துவிட்டார். அடித்த இடத்தில் ஒன்றும், கீழே ஒன்றுமாக என் கையெழுத்து. யாரும் மிரட்டி நான் இதைச் சொல்லவில்லை. சொன்னது அத்தனையும் நடந்தது.

(கையெழுத்து)