தள்ளித் திறக்கிற போன்

— இதையா ரிப்பேர் பண்ணணுங்கிறீங்க? இந்த ஸ்லைடு போனையா?

— ஆமாங்க மேடம். கறம்பக்குடியில மணிமேகலை மொபைல்ஸ்ல குடுத்தா எந்தப் போனையும் சரி பண்ணிருவாங்கன்னு சொன்னாங்க.

— போனைச் சரி பண்ணுவேன். இது போனா? சோப்பு டப்பாவுக்கு மூடி போட்ட மாதிரி...

— அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. ஒரு காலத்துல இதைக் கையில வச்சிருந்தா பஸ்ஸே திரும்பிப் பாக்கும். கட்டை விரலால மேல தள்ளுனா 'டக்'குன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க... கால் வந்தா தள்ளணும், பேசி முடிச்சா கீழ இழுக்கணும். பட்டனைத் தொடவே வேண்டாம்.

— தள்ளுங்க பாப்போம்.

— இந்தாங்க...

— என்ன, ஸ்க்ரீனு பேயறைஞ்ச மாதிரி வெளுத்துப்போச்சு?

— அதுதாங்க கம்ப்ளைண்ட். மூடியிருக்கிறப்ப நல்லாத் தெரியுது. தொறந்தா வெள்ளையாயிருது.

— உள்ள பட்டையா ஒரு ரிப்பன் வயரு ஓடும். மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் அது ஒண்ணுதான் ஒறவு. தள்ளித் தள்ளியே அத்துப்போயிருக்கும். இந்த ஜாதிப் போன் அத்தனைக்கும் இதே சீக்குதான். மேல பாத்தாப் பகட்டு, தொறந்தா ஒண்ணுமில்ல.

— ஆனா பாடி பூரா ஸ்டீலுங்க. கீழ விழுந்தா தரைதான் ஒடையும். ஒரு தடவை சார்ஜ் போட்டா வாரம் பூரா நிக்கும்.

— வாட்ஸப் வருமா?

— ...வராது.

— டீக்கடையில ஸ்கேன் பண்ணுவீங்களா?

— ...முடியாது.

— அப்புறம் சார்ஜ் நின்னு என்ன கிழிக்கப்போவுது? சும்மா ஒக்காந்திருக்கிறவன் எங்க களைச்சுப்போவான்?

— ரொம்பத்தான் திட்டுறீங்க...

— தங்கச்சி! நேத்து குடுத்த சார்ஜர் வேலையே செய்யலம்மா.

— வாங்க ஆத்மநாதண்ணே. சுவத்துல சுவிட்சப் போட்டுப் பாத்தீங்களா?

— அட... அதைப் போடலியே.

— போட்டுப் பாத்துட்டு வாங்கண்ணே. பாத்து, படி... அந்தா, பெரியகருப்பண்ணே, ஒங்க போனோட டச் ஸ்க்ரீனு சாயங்காலம் ரெடியாயிரும்ணே... ம், நீங்க சொல்லுங்க. டோக்கன்ல எழுதணும், பேரு என்ன?

— பே... பேரா? பாலாஜி.

— பேரைச் சொல்றதுக்கே இம்புட்டு யோசனையா? சரி. எப்பருந்து இப்படி இருக்கு?

— நேத்திலிருந்துதாங்க. நேத்து வரைக்கும் இதுலதான் பேசிட்டிருந்தேன்.

— இருங்க, பின்னாடி கழட்டுறேன்... அடேங்கப்பா. சிம் போடுற எடத்துல எட்டுக்கால்பூச்சி கூடு கட்டியிருக்கு. நேத்து யாருகிட்ட பேசுனீங்க, இதுகிட்டயா?

— சிம்மை... வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தேன்.

— நல்லாச் சொன்னீங்க. சரி, வச்சிட்டுப் போங்க. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து வாங்கிக்கணும். அதுக்கு மேல இந்தக் கடை இருக்குமோ என்னமோ.

— ஏன்... ஏங்க அப்படி?

— வெள்ளிக்கிழமை என்னையப் பொண்ணு பாக்க வாராங்க, ஆலங்குடி பக்கத்துலருந்து. ஜாதகம் அமோகமாப் பொருந்திருச்சாம். கல்யாணம் முடிஞ்ச கையோட கடையை மூடிரணுமாம். ரோட்டோரம் ஒக்காந்து கண்ட ஆம்பளைங்ககிட்டயும் பொண்ணு பேசக் கூடாதுன்னு சொல்லி விட்டுருக்காங்க.

— அது... மாப்பிள்ளை சொல்லிருக்க மாட்டாருங்க. அவங்க அம்மா சொல்லிருப்பாங்க.

— அம்மா சொல்றப்ப மாப்பிள்ளை அய்யா எங்க போனாராம்?

— பக்கத்துலதான்... இருந்திருப்பாரு.

— வாயில என்ன கொழுக்கட்டையா?

— சட்டுனு எதுத்துப் பேச வந்திருக்காதுங்க.

— நெனச்சேன். அந்தாளும் இந்தப் போனும் ஒண்ணுதான். மூடியிருக்கிற வரைக்கும் ஸ்டைலு, வாயைத் தொறன்னா வெளுத்துப்போயிரும். பொம்பளைக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவருன்னு இந்த பஜாரே சிரிச்சுச்சு. அத்தனை பேரும் இப்ப போனைத் தூக்கிக்கிட்டு எங்கிட்டதான் வாராங்க. இதை மூடுன்னு சொல்ற வீட்டுல எனக்குச் சோறு எறங்காதுங்க. சொல்லிட்டேன்.

— மேடம்... அந்தாளு நேர்ல வந்து பாத்துட்டு, மூட வேண்டாம்னு சொன்னா?

— அவரு எங்க சொல்லப்போறாரு?

— சொல்லுவாரு. நான் சொல்றேன்.

— நீங்க யாரு சொல்றதுக்கு? பாலாஜிதானே நீங்க?

— ஆமா... பாலாஜிதான்.

— வசந்தகுமாரு!

— ஆங்?... அய்யய்யோ.

— பேரைச் சொன்னதும் நிமிந்து பாக்குறதப் பாரு.

— எப்ப... எப்பருந்து தெரியும்?

— நீங்க போனை மேசையில வச்சப்பவே. மாப்பிள்ளை போட்டோன்னு ஒங்க வீட்டுல குடுத்துவிட்டது காலேஜ்ல எடுத்தது. கூலிங் கிளாஸு, சாஞ்சுக்கிட்டு நிக்க ஒரு பைக்கு, காதுல இதே போனு, பாதி தொறந்தபடி. அதுல தலை நெறைய முடி வேற. நெசமாச் சொல்றேன், ஆளை எனக்கு அடையாளமே தெரியல. போனைத்தான் தெரிஞ்சுது.

— புதுப் போட்டோ குடுக்கலாம்னு அம்மாகிட்டச் சொன்னேங்க...

— அதுவும் வாய்க்குள்ளயே சொல்லியிருப்பீங்க.

— சிங்கப்பூர்லருந்து அண்ணன் வாங்கியாந்த போனுங்க இது. பொட்டியில கெடந்துச்சு. ஒங்களப் பாத்து நாலு வார்த்தை பேச ஒரு சாக்கு வேணுமேன்னு எடுத்துட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை சனம் பூரா சுத்தி ஒக்காந்திருக்கும், எங்க பேச விடப்போறாங்க?

— இப்பப் பேசியாச்சுல்ல. சட்டைப் பையில இருக்கிற நல்ல போனை எடுங்க. அம்மாவுக்குப் போடுங்க.

— இப்பவா?

— இப்பவே. இங்கிட்டே நின்னு.

— ...அம்மா, நாந்தான். ...சாப்பிட்டேன்மா. அம்மா, பொண்ணு வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி விடு. கடையை மூட வேண்டாம்னு. ...இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கல. நானாத்தான் சொல்றேன். ...மூடித்தான் ஆகணும்னா வெள்ளிக்கிழமை நான் வரல. ...ஆமா, நெசமாத்தான். ...அழாதம்மா. ...சொல்லிருவேல்ல? ...ம். வைக்கிறேன்.

— இந்தாங்க, தண்ணி குடிங்க.

— சொல்லிட்டேங்க.

— கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.

— இருந்தாலும்... வந்ததுலேர்ந்து இந்தக் கிழி கிழிச்சிட்டீங்க. வெள்ளிக்கிழமை நாங்க வந்தப்புறம், புடிக்கலன்னு சொல்லிருவீங்களோன்னு பயமா இருக்குங்க.

— ஏங்க, இந்தக் கடைப் படியேறுற ஆம்பளை அத்தனை பேரையும் நான் அண்ணேன்னுதான் கூப்புடுவேன். வந்ததுலேர்ந்து ஒங்கள ஒரு தடவையாச்சும் அப்படிக் கூப்புட்டேனா?