அதே கொம்பனிக் கார்

உட்துறைமுக வீதியில் கிண்ணியா பஸ்ஸுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் தன் தம்பியிடம், "திரும்பவும் அதே கொம்பனி கரண்ட் கார்தான் எடுக்கப் போறன்," என்றார்.

"காக்கா, வாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்குள்ள நடுவழியில நிண்ட கார் அது. அதுக்குள்ளதானே உசிர் போய் மௌத்தானார்," என்றார் தம்பி.

"கார்ல பிழையில்ல. பற்றரிதான் பழசு."

"புதுசா வந்த சீனக் கார் நல்லமெண்டு எத்தின தரம் சொன்னனான்? நீங்க கேக்கல்ல."

மூத்தவர் துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்தபடி சொன்னார்:

"இப்ப மாத்தினா, அண்டைக்கே மாத்தியிருக்கலாமெண்டு ஆகிடும்டா. வாப்பாவ நானே சாகக் குடுத்த மாதிரி."

பஸ் வந்ததும் இருவரும் தனித்தனி ஆசனங்களில் போய் உட்கார்ந்தார்கள்.