எடிட் செய்யாத செவ்வானம்

இந்தக் காலத்தில் வானத்தை யார் சார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? காலையில் பால் பாக்கெட், சாயங்காலம் சீரியல். இவ்வளவு பெரிய வானம் சும்மா கிடக்கிறது.

எனக்குத் தேனி பஜாரில் எலெக்ட்ரிக்கல் கடை. ஆனால் ‘மேகம் ஜாஸ்பர்’ என்றால்தான் கம்பம் வரைக்கும் தெரியும். விடியலையும் அந்தியையும் படம் எடுத்துப் போடுவேன். ஃபில்டர் கிடையாது, எடிட்டிங் கிடையாது. ஆண்டவர் கொடுத்த நிறத்தில் கை வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் சாரல் விடாமல் பெய்து வானத்தைத் துடைத்துவிட்டது. மழை நின்ற பிறகும் அந்தி ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெளிறிக் கிடந்தது. நான் படம் அனுப்பவிருந்த புகைப்படப் போட்டியின் தலைப்போ ‘எடிட் செய்யாத செவ்வானம்’. கடைசித் தேதி வேறு நெருங்கிவிட்டது. வயிறு எரிந்தது சார்.

காற்றில் புகை இருந்தால் அந்தி நன்றாகச் சிவக்கும். புகையும் இயற்கைதானே? தேவாரம் ஊர்ப் பக்கம் ஒரு வரப்போரம் சருகைக் கொளுத்திப் பார்த்தேன். லேசான ரோஸ் வந்தது. அது போதாது.

காமயகவுண்டன்பட்டியில் வேல்பாண்டியின் திராட்சைத் தோட்டத்தில், கவாத்து செய்து வெட்டிப்போட்ட கொடிக்குச்சிகள் மலையாகக் காய்ந்து கிடந்தன. பக்கத்தில் வைக்கோல் படப்பு, அதையொட்டிக் கீற்றுக் குடிசை. கால் முறிந்து மாவுக்கட்டோடு வேல்பாண்டி உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். குச்சிகளைக் கொளுத்தலாமா என்று முறைப்படி அவரிடம் கேட்டேன்.

“இப்ப வேணாம்ணே. காத்து குடிசப் பக்கமா அடிக்குது. பஞ்சம்மா கடைக்குப் போயிருக்கா, அவ வரட்டும். நாளைக்குப் பொசுக்குவோம்” என்றார்.

நாளைக்கு அதே மேகம் வருமா? பாவம், விவசாயிக்கு மேகத்தைப் பற்றி என்ன தெரியும். புகை வந்தால் இருமுவாரே என்று கதவைச் சாத்தினேன். காற்றுக்குத் திறந்துவிடக் கூடாதென்று வெளியே கொக்கியும் போட்டேன். அக்கறைதான்.

குச்சிகளில் நான் வைத்த தீ படப்புக்குத் தாவிய நேரம், மேற்கே மலைக்கு மேல் வானம் குங்குமமாகச் சிவந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது சார். அப்போதுதான் அவர் சம்சாரம் பஞ்சம்மாள் வரப்பில் ஓடி வந்தார்.

“போட்டோக்காரரே, அவுக உள்ள இருக்காக. கொக்கிய எடுத்துவிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

குடிசை எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிவப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? முதலில் படத்தை எடுத்தேன். பஞ்சம்மாள் வந்து கொக்கியை எடுப்பதற்குள் கூரை விழுந்துவிட்டது. வேல்பாண்டி பிழைக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான்.

படத்தின் ஓரத்தில் பஞ்சம்மாளின் தூக்கிய கை விழுந்திருக்கிறது. “அந்தக் கைய மட்டுமாவது வெட்டிருங்களேன், கேஸு நிக்காது” என்று என் மனைவி மகிமா அழுதாள். வாயை மூடு என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். தீ வைத்தது நான். கொக்கி போட்டது நான். படத்தில் மட்டும் நான் கை வைக்கவே இல்லை.