ஓசியில் பனி அள்ளிய ஐனோ

காபி நன்றாக இருக்கிறது, மேடம். காவல் நிலையத்துக் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொல்வதையெல்லாம் நம்பக் கூடாது.

ஐனோ பெல்டோலாவை எனக்குப் பிடிக்கும். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் அவரைப் பிடிக்காதவர்கள் யாருமில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கிழவர். பனி விழுந்த காலைகளில் தன் பழைய பனி வீசும் மெஷினை உருட்டிக்கொண்டு கிளம்புவார். தன் வாசல் முடிந்ததும் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று தெருக்கோடி வரை எல்லோருடைய வண்டிப்பாதையையும் திறந்துவிட்டுத்தான் திரும்புவார். காசு நீட்டினால் கோபம் வரும். வீட்டில் சுட்ட இறைச்சிப் பலகாரமோ, 'ஆப்பிள் பை' என்கிற இனிப்புப் பணியாரமோ ஒரு தட்டு கொடுத்தால் வாங்கிக்கொள்வார். இந்த ஹான்காக் ஊரில் பனி எத்தனை மாதம் என்று உங்களுக்கே தெரியும். அத்தனை மாதமும் இந்தத் தர்மம் நடந்தது.

மர ஆலையில் வேலை போனபோது, இந்த ஊரில் தீரவே தீராத சரக்கு எது என்று யோசித்தேன். வானத்திலிருந்து தானாக வந்து விழுகிறதே. அப்பா விட்டுப்போன மீன்பிடிப் படகை விற்று, என் பிக்கப் வண்டிக்கு முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டினேன். கதவில் 'கிளென் பனி அகற்றும் சேவை' என்று எழுதினேன். படகு போன அன்று அழுதேன். அதற்கு யாரும் ஆப்பிள் பை சுட்டுக்கொண்டு வரவில்லை.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் அன்பாகத்தான் கையை விரித்தார்கள். எதிர்வீட்டு ஜோன்தான் உள்ளதைச் சொன்னாள்.

"உன்னைக் கூப்பிட்டா ஐனோ மனசு கஷ்டப்படும், கிளென். நான் அவர் மூஞ்சில தினம் முழிக்கணுமில்ல?"

என் மூஞ்சியில் முழிக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

சரி என்று ஐனோவிடமே போனேன். தன் வீட்டு நீராவிக் குளியலறையில் என்னை உட்கார வைத்து, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டார். இந்தத் தெருவை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள், இது கிடைத்தால் அடுத்த தெரு தானாக வரும், இல்லையென்றால் வண்டியும் போகும், வீடும் போகும் என்றேன். பொறுமையாகக் கேட்டார், பாவம்.

"இதுக்கா இவ்வளவு கவலை? உன் வாசல் பனியையும் நானே தள்ளி விட்டுடறேம்ப்பா. நீ நிம்மதியா வேற வேலை தேடு."

பிழைப்பில் மண்ணைப் போடுகிறவன் கொஞ்சம் கெட்டவனாகவாவது இருக்க வேண்டும், மேடம். திட்டுவதற்காவது வசதியாக இருக்கும். இவரை என்னவென்று திட்டுவது?

ஜனவரியில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மெஷினைத் தொடக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். தெருவே என்னைக் கூப்பிட்டது. ஐனோ எழுந்திருக்கிற வரைக்கும் மட்டும் என்று எல்லோரும் ஒரே பல்லவி. அதுவரை நான் தொழிலதிபர்.

ஐனோ வீட்டை மட்டும் காசு வாங்காமல் செய்தேன். நல்லது செய்ய அவருக்கு மட்டும்தான் தெரியுமா? அவர் மனைவி டெல்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். மகளின் பிரசவத்துக்கு வெளியூர் கிளம்பும்போதுகூட, கிழவரைப் பார்த்துக்கொள் என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஏரிப் பக்கமிருந்து வந்த பனி இடுப்பளவு விழுந்தது. ஐனோவின் பாதையைத் துடைத்துவிட்ட மாதிரி வைத்தேன். தள்ளிய பனியை எங்காவது வைக்கத்தானே வேண்டும்? சுவரோரம் குவித்துத் தகட்டால் அழுத்தினேன், கெட்டியாக. வீட்டு ஹீட்டரின் புகைக்குழாய் அந்தச் சுவரில்தான் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அது அடைபட்டால் விஷப்புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். வாசனை கிடையாது. தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார். ஐனோ ஜன்னலிலிருந்து எனக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன்.

மறுநாள் காலை ஐனோ எழுந்திருக்கவில்லை. வீட்டில் விஷப்புகைக்கு எச்சரிக்கை மணி இருந்ததாம், அதில் பேட்டரி இல்லையாம். அதற்கும் நானா பொறுப்பு?

உங்கள் ஆட்கள் வந்து கேட்டபோது, தொழிலுக்குப் புதிது, எந்தக் குழாய் எதற்கு என்று எனக்கென்ன தெரியும் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். ஊரே என்னைத் தேற்றியது. உன் தப்பில்லை என்று ஜோன் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தாள். நன்றாகவே இருந்தது. தெரு முழுவதும் என்னுடையதாயிற்று. பக்கத்துத் தெருவிலிருந்தும் கேட்டார்கள்.

நாலு நாளாக எனக்குக் காய்ச்சல். நேற்று வெளியே மெஷின் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், டெல்மா. ஐனோவின் மெஷினால் என் பாதையைத் திறந்து முடித்துவிட்டு, என் வீட்டுச் சுவரோரம் மண்டியிட்டுக் கையால் பனியைத் தோண்டிக்கொண்டிருந்தார். எதற்கு இதெல்லாம் என்றேன்.

"உன் குழாய் மூடிக் கிடந்துச்சு. அவருக்கு ஆன மாதிரி உனக்கும் ஆயிடக் கூடாதில்ல?"

குழாயைத் திறந்துவிட்டார். அதன் பக்கத்தில் ஒரு சிவப்புக் கம்பும் வெளியே வந்தது. கம்பில் ஒரு பலகை, அதில் என் கையெழுத்து: 'ஹீட்டர் குழாய். இங்கே பனி தள்ளாதே.' குளிருக்கு முன் எல்லோரும் நடுகிற அடையாளக் கம்புதான். தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்வதால் ஐனோ மட்டும் நட்டதில்லை.

"இதை எப்ப நட்டே, கிளென்?"

போன வாரம் என்றேன். காய்ச்சல், மேடம், புத்தி வேலை செய்யவில்லை. டெல்மா கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. இந்த ஊர் மண் நவம்பரிலேயே இரும்பாகிவிடும், பிப்ரவரியில் ஊசிகூட இறங்காது. டெல்மா இங்கேயே பிறந்தவர்; குழாய் எதற்கென்று எனக்கு நவம்பருக்கு முன்பே தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மெஷினை அங்கேயே போட்டுவிட்டு உங்களிடம் வந்துவிட்டார்.

ஓசியில் வேலை செய்கிறவர்களிடம் இதுதான் தொல்லை. காசுக்கு வந்தவன் என்றால் பாதையோடு நிறுத்தியிருப்பான்.